கேட்கும் முன்பே

“உனக்கு எதுவுமே வேணாமா?” என்று கேட்டான் அவன்.

“ஏன் திடீர்னு?”

“கல்யாணமாகி இத்தனை நாள்ல ஒரு தடவையாவது எனக்கு இது வேணும்னு நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கியா? பக்கத்துக் கடைக்காரன் பெண்டாட்டி நச்சரிப்பு தாங்கலைன்னு எங்கிட்ட வந்து புலம்பிட்டுப் போறான். எனக்குப் புலம்பக்கூட வழியில்ல.”

அவள் சிரித்தாள். மொட்டைமாடிக் கொடியில் விடுதியின் படுக்கை விரிப்புகள் காற்றில் உப்பிக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எட்டி வந்து மடித்தார்கள். முனையும் முனையும் சேரும்போது கையும் கையும் சேர்ந்தன. அந்தச் சாக்கில் அவன் அவளுடைய விரல்களை விடாமல் பிடித்துக்கொண்டான்.

“கேட்டு வாங்கினா அது வியாபாரம். கேக்கறதுக்கு முன்னாடியே கொடுத்தா அதுதான் உபசாரம்.”

“இது யார் சொன்னது?”

“நான்தான் சொல்றேன். ஏன், நான் சொன்னா செல்லாதா?”

“அப்ப உனக்கு என்ன வேணும்னு நானாக் கண்டுபிடிக்கணும்?”

“பின்னே? அதுக்குத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்.”

அவர்களிடம் அப்போது இருந்தது வாடகைக்கு எடுத்த ஒரு பழைய கட்டடமும், ஆறு அறைகளும், தண்ணீர் ஒழுகும் ஒரு தொட்டியும்தான். இருமிக்கொண்டே படியேறும் விருந்தாளியின் அறைக்கு, அவர் செருப்பைக் கழற்றும் முன்பே வெந்நீர் போய்விடும். குழந்தையோடு வருபவர்களின் அறையில் கட்டிலைச் சுவரோடு நகர்த்திப் போட்டிருப்பாள் அவள். ஊருக்குக் கிளம்ப நினைப்பவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் வண்டி நிற்கும். ஆளைப் பார்த்தே தேவையைப் படிக்கும் அந்த வித்தையை அவள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவனும் சட்டென்று பிடித்துக்கொண்டான். பிறகு கடற்கரையில் நிலம் வந்தது, கண்ணாடிச் சுவர் வைத்த அறைகள் வந்தன, அயல்நாட்டு விருந்தாளிகள் வந்தார்கள். வசதி வந்ததும் ‘அவன்’ எல்லோருக்கும் ‘அவர்’ ஆனான். பிரம்மாண்டமான நுழைவாயிலில், கருங்கல்லில், ஆள் உயர எழுத்தில் பொறித்து வைத்தார்: கேட்கும் முன்பே.

ஒருமுறை தொலைக்காட்சியில் பேட்டி எடுத்த பெண், இந்த எண்ணம் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டாள். அவர் கடலைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார். “ஆரம்ப காலத்துல, ஒருநாள் மொட்டைமாடியில தனியா நின்னுட்டிருந்தேன்…” என்று தொடங்கினார்.

தனியாக!

அவரைப் பிரிந்து வந்து, பஸ் நிலையத்துக்கு எதிரே நடத்தும் தன் சின்ன லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், டிவியை அணைத்தாள். உடனே ஆசாரியை வரச்சொல்லி ஒரு மரப்பலகை செய்தாள். ‘வேண்டியதைக் கேட்டு வாங்கவும்’ என்று எழுதி, உள்ளே நுழைபவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டினாள். இங்கே வெந்நீர் கேட்டால்தான் கிடைக்கும். கேட்டால் உடனே கிடைக்கும், அது வேறு விஷயம். அந்தப் பக்கத்து டிரைவர்களும் கடைக்காரர்களும் அவளை லாட்ஜம்மா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அது அவர் கொடுத்ததில்லை.

*

மகள் வந்தபோது லாட்ஜம்மா தலையணை உறைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கடற்கரை ரிசார்ட்டை இப்போது நடத்துவது மகள்தான். நாலு நாளாகத் தூங்காத முகம்.

“அம்மா, டீ சொல்லேன்.”

“நீயே சொல்லு. போர்டு பாக்கலையா?”

“போர்டு மாட்டிவெச்ச ஆளே இதுவரைக்கும் எதையும் கேட்டதில்ல. கடைக்காரன் தானாத் திரும்பிப் பாத்து ஊத்திக் கொடுக்கற வரைக்கும் டீக்கடையில நிக்கற பொம்பளை நீ.” வாசலுக்குத் திரும்பி, “அண்ணே, ரெண்டு டீ!” என்று குரல் கொடுத்தாள் மகள். பிறகு உட்கார்ந்தாள். “அப்பாவை வெளியே அனுப்ப முடிவு பண்ணிட்டாங்க.”

லாட்ஜம்மாவின் கை நின்றது. ஒரு நொடிதான். அடுத்த உறையை எடுத்து உதறினாள்.

“யாரு?”

“நிர்வாகக் குழு மொத்தமும். நானும்தான் கை தூக்கினேன்.” மகளின் குரல் இறங்கியது. “எல்லாம் அந்த மரமேடை விஷயம்தான்.”

மரமேடை விஷயம் ஊருக்கே தெரியும். கடலுக்குள் நீட்டிக் கட்டிய மேடை அது. அடியில் முட்டுக்கட்டைகள் நெருக்கமாக இருந்தால் அறையிலிருந்து பார்க்கும்போது அசிங்கமாகத் தெரிகிறது என்று பாதிக்கு மேல் எடுக்கச் சொன்னவர் அவர். ஒரு வரவேற்பு விருந்தில் கூட்டம் ஏறியதும் மேடை ஒரு பக்கமாகச் சரிந்தது. விருந்தாளிகள் சிராய்ப்போடு தப்பித்தார்கள். தட்டேந்திப் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு முறிந்தது. மைக்கை நீட்டியவர்களிடம் அவர், “அந்தப் பொண்ணு அந்த ஓரத்துல நின்னிருக்கவே கூடாது” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அதற்கு முன்னும் சண்டைகள் இல்லாமல் இல்லை. ஊர்க்காரர்கள் கடலுக்குப் போகும் பாதையில் மதில் எழுப்பியபோது ஊரே திரண்டு வாசலில் உட்கார்ந்தது. அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. வெயில் ஏறும் முன்பே பந்தல் போட்டார். தொண்டை வறளும் முன்பே எலுமிச்சைச் சாறு அனுப்பினார். கோஷம் போட்டவர்கள் குடித்துவிட்டு நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள். மாலையில் வீட்டுக்குப் போக அவர்களுக்கு வேன்கூட நின்றது. பாதை மட்டும் திறக்கவில்லை. அவரைத் திட்டி எழுதிய பத்திரிகைக்காரர்கள்கூட அந்தக் கதையைச் சொல்லும்போது லேசாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

இடுப்பு முறிந்த இந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான். அவள் மயக்கம் தெளியும் முன்பே பெரிய டாக்டர் வந்தார். தனி அறை வந்தது. வீட்டுப் படிகளில் சரிவுப்பலகை போடப்பட்டது. அவளுடைய தம்பிக்கு வேலையும் வந்தது. ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

“ஒரே ஒரு வார்த்தைம்மா,” என்றாள் மகள். “தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்கன்னு சொல்லியிருந்தா எல்லாரும் விட்டிருப்பாங்க. ‘அவளுக்கு என்ன குறை வெச்சேன்?’ன்னு திருப்பிக் கேக்கறார். இன்னிக்கு ரிசார்ட் மாடி வீட்டைக் காலி பண்ணணும். கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருக்கார். சாப்பாடு வேணும்னுகூட போன் பண்ணலை. கேக்க மாட்டாராம். ஊழியர்கள் வாசல்ல தட்டை வெச்சு வெச்சு எடுத்துட்டு வராங்க. நீ ஒரு தடவை வந்து பேசினா…”

“பேசறதெல்லாம் நமக்கு வராது.” லாட்ஜம்மா உறைகளை அடுக்கி ஓரமாக வைத்தாள். “ஆனா வரேன். அவரை நானே அனுப்பி வைக்கறேன்.”

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த அறையில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது அந்த முகம். மகளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

“அம்மா, சண்டை போடப் போறியா?”

“சண்டையா? சீச்சீ. உபசாரம்.”

*

பல வருஷங்களுக்கு முன்பு அவளை அவர் அனுப்பி வைத்த விதம் அப்படிப்பட்டது.

தன் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து ரிசார்ட் வாசலில் இறங்கியபோது ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். அறைகளைப் பராமரிக்கும் பிரிவின் தலைவி ஒரு தட்டில் குளிர்ந்த துண்டும் பழச்சாறும் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் அவளுக்குச் சாவிக்காரம்மா என்று பெயர். துண்டும் சாறும் விருந்தாளிகளுக்கு மட்டும் கொடுப்பது. நமக்கு எதற்கு இது என்று லாட்ஜம்மா சிரிக்கப் போனாள். சாவிக்காரம்மா சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வரவேற்புக் கூடத்தின் சலவைக்கல் தரையில் பெட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் இவளுடைய பொருள்கள். ஒவ்வொரு புடவைக்கும் நடுவில் வெள்ளைத் தாள். கண்ணாடிச் சாமான்களுக்குப் பஞ்சு. வெளியே கார் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மேலே அவர்கள் குடியிருந்த வீட்டைப் புதிதாக வந்த உள் அலங்காரக்காரி அளந்துகொண்டிருந்தாள். அவர் இறங்கி வரவேயில்லை.

லாட்ஜம்மா அந்தத் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாற்றைக் குடித்தாள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் காரில் ஏறினாள்.

அதுவும் பரவாயில்லை. கார் கொண்டுபோய் விட்ட வாடகை வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் அவள் உடைந்தாள். படுக்கை விளக்கு இடதுபக்கம் இருந்தது. அவளுக்கு இடதுபக்கம் இருந்தால்தான் படிக்க வரும். தலையணை ஒன்று கெட்டி, ஒன்று மெத்து. குளிர்பெட்டியில் அவளுக்குப் பிடித்த கொய்யா, அதுவும் அதிகம் பழுக்காதது. ஜன்னலில் கொசுவலை. தெரியாதவன் துரத்தினால் வேறு விஷயம். நம்மை இவ்வளவு தெரிந்தவன் துரத்தினால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதற்குப் பிறகும் விடவில்லை. அவளுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று யாரிடம் கேள்விப்பட்டாரோ, ஆஸ்பத்திரியில் அறை தயாராக இருந்தது. லாட்ஜில் மழைநீர் ஒழுகிய மறுநாள் ஆள் வந்து கூரையில் ஏறி நின்றான். ஏணியோடு அவனை அப்படியே திருப்பி அனுப்பினாள். அந்த உள் அலங்காரக்காரியும் கொஞ்ச காலத்தில் போய்விட்டாள். அவளுக்கு என்ன மாதிரிப் பெட்டி வந்ததோ, லாட்ஜம்மா விசாரிக்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு முறை தலையணைக்கு உறை மாட்டும்போதும் ஒன்றை நினைத்துக்கொள்வாள். ஒருநாள் இதே மாதிரி, ஒரு மடிப்புக் கலையாமல், ஒரு குறை சொல்ல முடியாமல், அவரை அவர் வாசலிலிருந்தே வழியனுப்ப வேண்டும். அப்போது அவருக்கு எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

*

காலையெல்லாம் ஓடினாள். மகள் பார்த்துவைத்திருந்த வீட்டுக்கு முதலில் போனாள். கட்டிலை ஜன்னலிலிருந்து விலக்கினாள், அவருக்கு முகத்தில் வெளிச்சம் பட்டால் ஆகாது. குளியலறையில் கைப்பிடி பொருத்தச் செய்தாள். துண்டுகளை மூன்று தடவை அலசச் சொன்னாள், சோப்பு வாசனை மிச்சமிருந்தால் அவர் தொடமாட்டார். ரிசார்ட்டில் துண்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கும் பழக்கத்தால் ஊழியர்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் மோப்பம்.

“இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யறியே, உனக்கு அவர் மேல இன்னும்…” என்று இழுத்தாள் மகள்.

“கத்தியைத் தீட்டறவனும் பாத்துப் பாத்துத்தான் தீட்டறான்,” என்றாள் லாட்ஜம்மா.



ரிசார்ட் வாசலில் இறங்கியதும் அந்தக் கருங்கல் எழுத்துகளை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. உள்ளே வரவேற்பு மேசைக்குப் பின்னால் உயரமான நாற்காலியில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் ஒரு ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. இனிமேல் தட்டேந்தி நிற்க முடியாது என்று மகள்தான் அவளுக்கு உட்காரும் வேலை போட்டுக் கொடுத்திருந்தாள்.

“வலிக்குதாம்மா?” என்று கேட்டாள் லாட்ஜம்மா.

“உக்காந்தா வலிக்காதுங்க. எழுந்தாத்தான்.” அந்தப் பெண் மரியாதைக்கு எழப் பார்த்தாள். லாட்ஜம்மா தோளில் கைவைத்து உட்காரவைத்தாள்.

“பெரியவர் வந்து பாத்தாரா உன்னை?”

“பழம் அனுப்பினாருங்க. தினமும் வந்துச்சு.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “அவர் வரலீங்க.”

மாடிக்குப் போகும் லிஃப்ட் பக்கத்தில் சாவிக்காரம்மா காத்திருந்தாள். தலை நரைத்துவிட்டது, சாவிக்கொத்து மட்டும் அப்படியே பளபளத்தது. லாட்ஜம்மாவைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது.

“அக்கா, அன்னிக்கு என்னால…”

“அன்னிக்கு நீ மடிச்ச மடிப்புல ஒரு சுருக்கம்கூட இல்ல. கெட்டிக்காரி. இன்னிக்கும் அதே மாதிரி செய்யணும். வெள்ளைத் தாள் இருக்கா?”

“கட்டு கட்டா இருக்கு. ஆனா அக்கா, அவர் கூப்பிடாம உள்ளே போகக்கூடாதுன்னு சட்டம்.”

“அது வேலைக்காரங்களுக்கு. நான் யாரு இங்க?”

சாவிக்காரம்மா விழித்தாள். மனைவி என்று சொல்ல முடியாது, விருந்தாளி என்றும் சொல்ல முடியாது. பதில் தேடுவதற்குப் பதிலாகச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

முன்கூடத்தை அடையாளமே தெரியவில்லை. எல்லாம் வெள்ளை, எல்லாம் வழவழப்பு. உட்கார்ந்தால் அழுக்காகிவிடுமோ என்று தோன்றும் நாற்காலிகள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. லாட்ஜம்மா அதைத் தட்டவில்லை. அலமாரிகளைத் திறந்து வேலையைத் தொடங்கினாள். சட்டைகளைப் பொத்தான் போட்டு, கைகளைப் பின்னால் மடக்கி, கழுத்துப் பட்டைக்குள் தாளைச் சுருட்டி வைத்தாள். மூக்குக் கண்ணாடிகளைத் துடைத்தாள். மருந்து டப்பாவில் காலை மாலை என்று ஒட்டினாள். தாள்கள் சரசரத்தன. அந்தச் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்று தன் பெட்டிகளை அடுக்கியபோதும் இந்தச் சத்தம்தானே கேட்டிருக்கும், அவர் எந்த அறையில் உட்கார்ந்து கேட்டாரோ என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க நினைக்க விரல்களில் வேகம் கூடியது.

கடைசிப் பெட்டியை மூடும்போது படுக்கையறைக் கதவு திறந்தது.

அவர் நன்றாக மூத்திருந்தார். சவரம் செய்யாத கன்னம். கால்களில் ஒரே நிறமில்லாத இரண்டு காலுறைகள். எது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் போய் வெகுகாலம் ஆகியிருக்கும். அவளைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். குனிந்து மேலே இருந்த சட்டையைத் தொட்டார்.

“தாள் கொஞ்சம் கெட்டி. மெலிசா இருந்தா மடிப்பு இன்னும் நல்லா நிக்கும்,” என்றார்.

“மெலிசு ஈரம் தாங்காது. உங்க புது வீடு கடலைப் பாத்த வீடு.”

“ஓ.” அவர் உட்கார்ந்தார். “சரி.”

அவள் அவருக்கு எதிரில் நின்றாள். இந்தக் காட்சியைத்தான் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் கத்துவார், இல்லை கெஞ்சுவார் என்று. இரண்டுமே நடக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“எப்படி இருக்கு?” என்றாள்.

“எது?”

“வீட்டுக்குள்ள இருக்கும்போதே வெளியே தூக்கி வெக்கறது.”

“நான் உன்னை வெளியே தூக்கி வெக்கலையே,” என்றார் மெதுவாக. “நீ போகணும்னு நெனச்ச. நான் ஏற்பாடு பண்ணினேன்.”

“நான் நெனச்சேனா?”

“அம்மாவைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி பரண்லேர்ந்து பெரிய பெட்டியை இறக்கி வெச்ச. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குச் சின்னப் பை போதும். பெரிய பெட்டியை இறக்கித் துடைச்சு, கட்டில் பக்கத்துலயே வெச்ச. உன் அலமாரியில பாதிப் புடவையை எடுத்துத் தனியா அடுக்கின. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. ஒரு விருந்தாளி அப்படிச் செஞ்சா என்ன அர்த்தம்? நீதான சொல்லிக்கொடுத்த. பெட்டியைத் துடைச்சு வெச்சா அவங்க மனசு ஏற்கெனவே கிளம்பிடுச்சு, வண்டிக்குச் சொல்லிடணும்னு.”

லாட்ஜம்மா பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அழுக்காகட்டும்.

அந்தப் பெட்டியை அவள் வேண்டுமென்றேதான் இறக்கி வைத்தாள். உள் அலங்காரக்காரியைப் பற்றி அரசல்புரசலாகக் காதில் விழுந்த வாரம் அது. வாய்விட்டுக் கேட்க வராது அவளுக்கு. பெட்டியைப் பார்த்தாவது எங்கே போகிறாய் என்று அவர் கேட்பார், கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிடலாம் என்று கண்ணில் படும் இடத்தில் வைத்தாள். அவர் பார்த்தார். படித்தார். வண்டிக்குச் சொன்னார். உலகத்தில் வேறு எந்தப் புருஷனும், அவன் எவ்வளவு மோசமானவனாக இருந்தாலும், பெட்டியைப் பார்த்ததும் முதலில் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பான்.

“எங்க போறேன்னு நீங்க கேப்பீங்கன்னு வெச்சேன் அந்தப் பெட்டியை,” என்றாள்.

“கேக்கக்கூடாதுன்னு நீதானே சொன்ன.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கசந்த சிரிப்பு. ஒரு கணம் அந்த மொட்டைமாடிக் காற்று அறைக்குள் வந்து போனது. மன்னித்துவிடலாம் போலக்கூட இருந்தது. அந்தக் கணத்தை அவளே கையால் தள்ளினாள்.

“இருங்க. நான் பெட்டியை இறக்கறதுக்கு முன்னாடியே அவ இந்த வீட்டுக்குப் படம் வரைஞ்சு முடிச்சிருந்தா. மேசை மேல விரிச்சு வெச்சிருந்தீங்க. என் அலமாரி இருந்த இடத்துல குளியல் தொட்டி போட்டிருந்தா. நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா?”

அவர் கண்ணைத் தாழ்த்தினார்.

“வர்றவங்க போறவங்க மனசையெல்லாம் படிச்சீங்க. எது உங்களுக்குத் தோதோ அதை மட்டும் படிச்சீங்க. மதிலுக்கு வெளியே உக்காந்தவங்களுக்குத் தாகம் தெரிஞ்சுது உங்களுக்கு, பாதை வேணும்ங்கறது தெரியலை. எனக்குக் கொய்யா பிடிக்கும்னு தெரிஞ்சுது. மத்தது தெரியலை. அப்படித்தானே?”

அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். “வண்டி வந்தாச்சா?” என்றார்.

“வந்தாச்சு.”

“தெரியும். நீ ஏற்பாடு பண்ணினா வராம இருக்குமா?”

*

கீழே ஊழியர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள், பெரிய விருந்தாளிகள் கிளம்பும்போது நிற்பது மாதிரி. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சாவிக்காரம்மா தட்டில் துண்டும் பழச்சாறுமாக முன்னால் நின்றாள். லாட்ஜம்மாவின் ஏற்பாடுதான் அதுவும். மகள் தூணோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் துண்டை எடுத்தார். பழக்கதோஷம், மூக்கருகே கொண்டுபோனார். வரிசையில் யாரோ ஒரு பையன் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாற்றைக் குடித்தார். வரவேற்பு மேசையைக் கடந்தார். ஊன்றுகோல் சாய்ந்திருந்த நாற்காலியின் பக்கம் அவர் தலை திரும்பவில்லை. தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் கழுத்து அவ்வளவு விறைப்பாக இருந்தது. அந்தப் பெண் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து பிடித்தான். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். கால் நீட்ட இடம் விட்டு முன்னிருக்கை தள்ளிப் போட்டிருந்தது. முதுகுக்குச் சின்னத் தலையணை. தண்ணீர் பாட்டில், மூடி தளர்த்தி வைத்தது. அவருக்கு இப்போதெல்லாம் விரல் மூட்டுகள் வலிக்கின்றன என்று மகள் சொல்லியிருந்தாள்.

அவர் நிமிர்ந்தார். லாட்ஜம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அவள் தேடிய எதுவும் இல்லை. அவமானம் இல்லை. வலி இருந்திருக்கலாம், அதை அவர் எங்கேயோ நன்றாக மடித்து வைத்துவிட்டிருந்தார். மேலே தெரிந்தது தொழில்காரனின் மெச்சல்தான்.

“குறையே இல்ல,” என்றார் மனதாரச் சொல்வதுபோல. “உன்னை மாதிரி யாராலயும் முடியாது.”

இவ்வளவுதானா? இத்தனை வருஷம் மனசுக்குள் தீட்டித் தீட்டி வைத்த கத்தியை எடுத்து வீசினால், அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, நல்ல இரும்பு என்று சொல்கிறார். இப்படியே காரில் ஏறுவார். புது வீட்டில் விளக்கு சரியான பக்கம் இருப்பதைப் பார்த்துத் தலையசைப்பார். நாளைக்கு இவளுடைய லாட்ஜ் வாசலில் ஒரு கூடைக் கொய்யா வந்து இறங்கும். பிறகு ஒருநாள் அவர் இல்லாமல் போவார், அன்றைக்கும் இவளுக்கு உட்கார நல்ல இடத்தில் நாற்காலி போட்டுவைத்துவிட்டுத்தான் போயிருப்பார். அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது. தானாக வராது. இவள் எவ்வளவு பெட்டியை இறக்கி வைத்தாலும், எவ்வளவு துல்லியமாகப் பழி வாங்கினாலும், அதிலிருந்து அவர் படித்துக்கொள்ள மாட்டார்.

அவர் ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டார்.

“நில்லுங்க,” என்றாள் லாட்ஜம்மா.

வரிசை முழுவதும் திரும்பியது. மகள் தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். அவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, எதை மறந்துவிட்டோம் என்று பார்ப்பவர்போலப் பெட்டிகள் பக்கம் பார்த்தார்.

“பெட்டியில எதுவும் விட்டுப்போகலை. இங்க பாருங்க, என்னைப் பாருங்க.” எதையும் கேட்டுப் பழகாத வாய் அது. ஊழியர்கள் நிற்கிறார்களே என்று ஒரு நிமிஷம் கூச்சமாக இருந்தது. நிற்கட்டும். அன்றைக்கும் நின்றார்கள். “டிரைவர் தம்பி, இன்ஜினை அணைங்க.”

இன்ஜின் நின்றது. கடலின் சத்தம் மட்டும் கேட்டது.

“மன்னிப்புக் கேளுங்க,” என்றாள். “டாக்டர் வேணாம், பழம் வேணாம், கூரைக்கு ஆள் வேணாம். வாயைத் திறந்து கேளுங்க. முதல்ல உள்ளே உக்காந்திருக்கற அந்தப் பொண்ணுகிட்ட, அவ பக்கத்துல போய் நின்னு. அப்புறம் என்கிட்ட. கேக்காமலே கிடைக்கும்னு இவ்வளவு நாள் காத்திருந்தேன். இப்ப கேக்கறேன். எனக்கு அது வேணும்.”